சிலை இரண்டு, முதல் மாலை யாருக்கு?

கல்லடி மாஸ்டர்:

நேற்றிரவு என் பழைய மாணவி ஒருத்தி இங்கிலாந்திலிருந்து இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். இரண்டும் சிலைகள். இரண்டும் ஒரே உதைபந்தாட்ட மைதானத்துக்கு வெளியே நிற்கின்றன. ஒன்று அல்ப் ராம்சி, மற்றது பொபி ரொப்சன். மைதானம் போர்ட்மன் ரோட். கழகம் இப்ஸ்விச் டவுன்.

இளையவர்களுக்காகச் சிறு முன்கதை. இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் சபொக் என்ற விவசாயப் பிரதேசத்தின் நகரம் இப்ஸ்விச். கழகம் 1878 இல் தொடங்கினாலும் 1936 இல்தான் சம்பளம் வாங்கும் வீரர்களை வைத்துக்கொண்டது. தேசிய லீக்கில் இடம் கிடைத்தது 1938 இல். எதிரணி ரசிகர்கள் ‘டிராக்டர் பையன்கள்’ என்று கேலி செய்ய, இவர்கள் அதையே பட்டமாகச் சூட்டிக்கொண்டார்கள். கிழக்கு, வயல், உழவு இயந்திரம், தலைநகரத்தின் இளக்காரம். மட்டக்களப்பானுக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை.

கேள்வி இதுதான். ராம்சியின் 1962 அணி பெரியதா, ரொப்சனின் 1981 அணி பெரியதா? இருவருமே கழகத்தின் முகாமையாளர்கள், இருவருமே பின்னர் இங்கிலாந்து தேசிய அணிக்கும் முகாமையாளராகப் போனார்கள். ஆகவே ராம்சி 1966 இல் வென்ற உலகக் கிண்ணத்தை யாரும் இங்கே தூக்கிக்கொண்டு வரக்கூடாது. கழகக் கணக்கு மட்டும். நான் ரொப்சன் பக்கம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் ஏறாவூர்க் காக்கா கோபிக்கட்டும்.

ஏறாவூர்க் காக்கா:

கோபித்தாயிற்று மாஸ்டர். உலகக் கிண்ணத்தை வாசலிலேயே பிடுங்கி வைத்துவிட்டு விருந்துக்கு அழைக்கிறீர்கள். பரவாயில்லை, வெறுங்கையோடும் வெல்லலாம்.

1955 இல் ராம்சி வந்தபோது இப்ஸ்விச் மூன்றாம் பிரிவில் கிடந்தது. 1957 இல் அந்தப் பிரிவை வென்றார். 1961 இல் இரண்டாம் பிரிவை வென்றார். 1962 இல் முதற்பிரிவை, அதாவது இங்கிலாந்தின் சம்பியன் பட்டத்தையே வென்றார். கழகம் தன் வரலாற்றில் முதன்முதலாக முதற்பிரிவில் ஆடிய ஆண்டு அது. வலது காலை வைத்து உள்ளே வந்தவன் அதே நாளில் வீட்டையும் எழுதி வாங்கிக்கொண்டு போன கதை. ரொப்சன் பதின்மூன்று ஆண்டு இருந்தார், லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. பூஜ்ஜியத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தானே, மாஸ்டர்? கணக்குப் பாடம் எடுத்தவர் உங்கள் பக்கத்து வகுப்பில்தான் இருந்தார்.

படுவான்கரை உழவன்:

காக்கா, ஒரு பெரும்போகம் அமோகமாக விளைந்தவனைக் கேட்டால் தன்னைவிட்டால் விவசாயி இல்லை என்பான். பத்துப் போகம் தொடர்ந்து களஞ்சியம் நிறைத்தவனைத்தான் ஊர் போடியார் என்று கூப்பிடும்.

1972-73 பருவத்திலிருந்து 1981-82 வரை பத்துப் பருவங்களை எடுத்துப் பாருங்கள். ரொப்சனின் இப்ஸ்விச் முடித்த இடங்கள்: 4, 4, 3, 6, 3, 18, 6, 3, 2, 2. பத்தில் ஒன்பது முறை முதல் ஆறுக்குள். நடுவில் கண்ணில் குத்தும் அந்த 18 இருக்கிறதல்லவா, அது 1977-78. அந்தப் பருவத்தில்தான் இங்கிலாந்துக் கழகங்கள் தோற்றால் வெளியே என்று மோதும் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றார்கள். சறுக்கிய ஆண்டில்கூட வெறுங்கையோடு வீடு திரும்பவில்லை. அதற்கு மேல் 1981 இல் ஐரோப்பியக் கழகங்கள் மோதும் யூஈஎஃப்ஏ கிண்ணம்.

வந்தாறுமூலை மாணவன்:

இருவருமே கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துப் பேசுகிறீர்கள். 2021 இல் முகாமையாளராக வந்த கீரன் மக்கென்னாவின் பெயர் பட்டியலில் இல்லையா?

ஏறாவூர்க் காக்கா:

தம்பி, பெரியவர்கள் இரு கட்சியாக நின்று கொம்பு இழுக்கும்போது நடுவில் வரக்கூடாது. உமக்கும் முறை வரும்.

உழவனுக்குப் பதில். 18 ஐயும் பெருமையாகச் சொல்லத் தெரிந்த வாய் உம்முடையது. இனி ராம்சியின் விளைச்சலைக் கேளும். அந்தச் சம்பியன் அணி முழுவதையும் சேர்த்த செலவு ஏறத்தாழ 30,000 பவுண். அதே பருவத்தின் டிசெம்பரில் டொட்டன்ஹாம் கழகம் ஜிம்மி கிரீவ்ஸ் என்ற ஒரே ஒருவருக்குக் கொடுத்தது 99,999 பவுண். ஒரு லட்சம் பவுண் வீரன் என்ற சுமை அவர் தலையில் ஏறக்கூடாது என்று ஒரு பவுணைக் குறைத்தார்களாம். அந்தக் கிரீவ்ஸின் காசில் மூன்று இப்ஸ்விச் வாங்கி, மிச்சத்துக்குப் பந்தும் வாங்கியிருக்கலாம். டொட்டன்ஹாம் என்ன சும்மா அணியா? அதற்கு முந்தைய பருவத்தில் லீக்கையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் சேர்த்து வென்றவர்கள். அவர்களை ராம்சி தன் மண்ணிலும் அடித்தார், அவர்கள் மண்ணிலும் அடித்தார்.

அடித்தது எப்படி என்பதுதான் ருசி. ஜிம்மி லெட்பெட்டர் என்று ஒருவர். ஒட்டிய கன்னம், மெலிந்த கால், பார்த்தால் தபால்காரர் என்று நினைக்கத் தோன்றும். இடது விளிம்பு ஆட்டக்காரர் என்று பெயர், ஆனால் ஓட மாட்டார். பின்னால், நடுக்கோட்டை ஒட்டி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நிற்பார். அந்தக் காலத்தில் விளிம்பு ஆட்டக்காரனை எதிரணியின் பின்கள வீரன் நிழலாகத் தொடர வேண்டும் என்பது எழுதாத சட்டம். அவன் லெட்பெட்டரைத் தேடி முன்னே வந்தால் முதுகுக்குப் பின்னால் வயல் போல வெளி திறக்கும். வராமல் நின்றால் லெட்பெட்டருக்குத் தலை நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்கும். எது நடந்தாலும் பந்து ரே கிரோபோர்டுக்கோ டெட் பிலிப்ஸுக்கோ போய்ச் சேரும். லீக்கில் கிரோபோர்ட் 33 கோல், பிலிப்ஸ் 28 கோல். அணி அடித்த 93 இல் 61 இந்த இருவருடையவை. வாப்பா சிற்றலை வானொலியில் பிபிசி கேட்பவர். ‘கிரோபோர்ட், பிலிப்ஸ்’ என்று அவர் சொல்லுகிற விதத்தில் நான் வெகுகாலம் அது ஒரே ஆளின் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

கல்லடி மாஸ்டர்:

அருமையாகச் சொன்னீர்கள் காக்கா. ஆனால் கதையைச் சரியாக ஓகஸ்ட் 1962 க்கு முதல் நாள் நிறுத்திவிட்டீர்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

அடுத்த பருவம் தொடங்குமுன் சம்பியனுக்கும் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றவர்களுக்கும் நடக்கும் சரிட்டி ஷீல்ட் ஆட்டம். எதிரணி அதே டொட்டன்ஹாம். அவர்களின் முகாமையாளர் பில் நிக்கல்சன் இரண்டு தோல்விகளையும் உட்கார்ந்து படித்திருந்தார். பின்கள வீரர்களை லெட்பெட்டரின் பின்னால் அலைய விடாமல் உள்ளே இழுத்து வைத்து, விளிம்புகளைக் கவனிக்கும் வேலையை மத்தியகள வீரர்களிடம் கொடுத்தார். முடிவு 5-1. அதுவும் போர்ட்மன் ரோட்டில். சூத்திரம் வெளியே வந்துவிட்டது. அந்தப் பருவம் சம்பியன்கள் 17 ஆவது இடத்தில் முடித்தார்கள். ராம்சி தேசிய அணிக்குப் போனார், ஜக்கி மில்பர்ன் வந்தார், 1963-64 இல் 121 கோல்களை வாங்கிக் கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கினார்கள். நத்தாருக்கு மறுநாள் புல்ஹாமிடம் 10-1.

ஒரே வித்தையை வைத்து ஒரு திருவிழாவில் பெயர் எடுப்பதற்கும், வித்தை ஊருக்கே தெரிந்த பிறகும் பத்து ஆண்டுகள் ஆடிக் காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஏறாவூர்க் காக்கா:

மாஸ்டர், அந்த 17 ஆவது இடத்தை ராம்சியின் கணக்கில் முழுதாக எழுதாதீர்கள். 1962 ஒக்டோபரிலேயே தேசிய அணியின் பொறுப்பு அவருக்கு என்று அறிவித்துவிட்டார்கள். மாப்பிள்ளை நிச்சயமான பிறகு கடையில் யாருக்கு மனம் நிற்கும்? மில்பர்னின் பத்துக் கோலுக்கும் ராம்சிதான் பொறுப்பா?

ஒர்வெல் ஆற்றங்கரை:

சேர், படங்களை அனுப்பிய குற்றவாளி நான்தான். இப்படிப் பற்றிக்கொள்ளும் என்று தெரிந்திருந்தால் ஊர்த் தேவாலயத்தின் படத்தை அனுப்பியிருப்பேன்.

இங்கே ஒரு தகவல் மட்டும். மைதானத்தில் ராம்சி பெயரிலும் ஒரு பார்வையாளர் மேடை இருக்கிறது, ரொப்சன் பெயரிலும் ஒன்று இருக்கிறது. ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே. நடுவில் புல். இங்குள்ளவர்கள் சண்டையைக் கட்டடமாகவே கட்டித் தீர்த்துக்கொண்டார்கள்.

கல்லடி மாஸ்டர்:

அப்படியானால் வடசேரி, தென்சேரி என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். கண்ணகை அம்மன் கோவில் முன்றலில் கொம்பு முறிப்பதற்கு வேறென்ன வேண்டும்? இழுங்கள்.

அக்கரைப்பற்றுக் கணக்கன்:

ஒரு விடயத்தை இருவரும் தவறவிட்டீர்கள். 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் எந்த வீரனுக்கும் வாரத்துக்கு 20 பவுணுக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது என்ற உச்சவரம்பு இருந்தது. பெரிய கழகத்துக்குப் போனாலும் அதே இருபது, சிறிய கழகத்தில் இருந்தாலும் அதே இருபது. வீரனைக் கட்டி வைக்கக் கயிறு தேவைப்படாத காலம். ராம்சி மூன்றாம் பிரிவிலிருந்து மேலே வந்தது அந்த நிழலில்தான். வரம்பு நீங்கிய பிறகு வந்த முதல் முழுப் பருவத்திலேயே பட்டத்தையும் எடுத்துவிட்டார். பணம் தன் வேலையைத் தொடங்குமுன் அறுவடை முடிந்துவிட்டது.

ரொப்சன் ஆடியது வேறு சந்தையில். 1979 இல் ட்ரெவர் பிரான்சிஸ் பத்து லட்சம் பவுணுக்கு நொட்டிங்ஹாம் போரஸ்ட்டுக்குப் போனார். அந்தச் சந்தையில் ரொப்சன் பதின்மூன்று ஆண்டுகளில் வெளியிலிருந்து வாங்கியவர்கள் 14 பேர்தான் என்று சொல்வார்கள். மற்றவர்கள் அவர் வளர்த்த பிள்ளைகள். கழகத்தின் இளையோர் அணி 1973 இலும் 1975 இலும் எஃப்.ஏ. இளையோர் கிண்ணத்தை வென்றது. வாங்கியவர்களிலும் பழுதில்லை: ஆர்னோல்ட் முரன், பிரான்ஸ் தைசன் என்ற இரண்டு ஒல்லாந்தர்கள். வெளிநாட்டு வீரன் என்றாலே புருவத்தை உயர்த்திய காலம் அது. இவர்கள் வந்த பிறகு பந்து தரையில் ஓடத் தொடங்கியது.

நான் கணக்கை மட்டும் சொன்னேன். என் வாக்கு வேறொருவருக்கு, பிறகு சொல்கிறேன்.

படுவான்கரை உழவன்:

கணக்கர் வளர்ப்பைப் பற்றிப் பேசியதால் எங்கள் கரையின் உவமை ஒன்று. கூத்துக்கு அண்ணாவியார் இருவகை. ஒருவர் ஊரில் உள்ள பழைய கூத்தர்களைக் கூட்டுவார். குரல் உடைந்தவன், கால் தளர்ந்தவன், வேறு களரியில் கழித்துவிடப்பட்டவன் எல்லோரையும் பார்த்து, அவனவனுக்குப் பொருந்துகிற பாத்திரத்தைச் சட்டம் கொடுப்பார். அந்த ஓராண்டு அரங்கேற்றம் ஊரையே அசத்தும். அவர்தான் ராம்சி. லெட்பெட்டருக்கு ஓட்டம் இல்லை என்று கண்டு, ஓட்டம் தேவைப்படாத வேடத்தையே உண்டாக்கிக் கொடுத்தார். அது பெரிய கெட்டிக்காரத்தனம், மறுக்கவில்லை.

மற்ற அண்ணாவியார் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாளக்கட்டுச் சொல்லிக்கொடுப்பவர். முதல் நான்கு ஆண்டு பார்க்கச் சகிக்காது. ரொப்சன் 1969 ஜனவரியில் வந்தார். முதல் நான்கு முடிவுகள் 12, 18, 19, 13. 1971 இல் சொந்த மைதானத்திலேயே ‘ரொப்சனே வெளியேறு’ என்று கத்தினார்கள். கழகத்தின் தலைவர் ஜோன் கொபோல்ட் மறுநாள் நிர்வாகக் குழுவைக் கூட்டி, ரசிகர்கள் நடந்துகொண்ட விதத்துக்காக ரொப்சனிடம் மன்னிப்புக் கேட்டார். எங்கள் ஊர்க் கழகமாக இருந்திருந்தால் சித்திரை வருடப்பிறப்புச் சுற்றுப்போட்டியில் தோற்ற அன்றிரவே வேறு பயிற்றுவிப்பாளருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

என்னைக் கேட்டால் முதல் சிலை அந்தப் போடியாருக்குத்தான். மதுபானம் வடிக்கிற குடும்பம். நிர்வாக அறையில் வெள்ளை வைன் தீர்ந்துபோவதுதான் எங்கள் கழகத்தில் நெருக்கடி என்று வேடிக்கையாகச் சொன்ன மனிதர். முல்லைக்காரன் விதைத்துவிட்டுப் போன வயலை நாளுக்கு மூன்று முறை தோண்டிப் பார்க்காத போடியாரை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

ஏறாவூர்க் காக்கா:

இது நல்ல வாதம். ஆனால் கவனித்தீரா, உழவரே? ராம்சியை ஆறு ஆண்டு கீழ்ப்பிரிவுகளில் பொறுமையாக வைத்திருந்ததும் அதே குடும்பம்தான். அந்தப் பொறுமைக்கு ராம்சி பட்டம் கொடுத்தார். ரொப்சன் இரண்டு இரண்டாமிடங்களைக் கொடுத்தார். 1980-81 இல் அஸ்டன் வில்லா 60 புள்ளி, இப்ஸ்விச் 56. 1981-82 இல் லிவர்பூல் 87, இப்ஸ்விச் 83. இரண்டு முறையும் நாலு புள்ளி. கரைக்கு வந்து கவிழ்ந்த தோணி.

கல்லடி மாஸ்டர்:

இந்த இடத்துக்குத்தான் உங்களை நடத்திக்கொண்டு வந்தேன், காக்கா. 1980-81 ஐச் சொல்லாமல் தூங்க மாட்டேன்.

அந்தப் பருவத்தில் இப்ஸ்விச் ஆடியது 66 ஆட்டங்கள். லீக், இரண்டு உள்நாட்டுக் கிண்ணங்கள், ஐரோப்பா. உள்நாட்டில் மாற்று வீரன் ஆட்டத்துக்கு ஒருவன் என்ற காலம். அந்த ஆண்டு ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லாத வில்லா லீக் முழுவதையும் வெறும் 14 வீரர்களை வைத்து ஆடி முடித்தது. அவர்களுக்குக் காயமும் இல்லை, களைப்பும் இல்லை. இனி வேடிக்கையைக் கேளுங்கள். அந்தப் பருவத்தில் இப்ஸ்விச்சும் வில்லாவும் மூன்று முறை மோதின. லீக்கில் இரண்டு, எஃப்.ஏ. கிண்ணத்தின் மூன்றாம் சுற்றில் ஒன்று. மூன்றிலும் இப்ஸ்விச்தான் வென்றது. அதாவது வில்லாவைக் கிண்ணத்திலிருந்து ஜனவரியிலேயே வெளியேற்றி, வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்று அனுப்பி வைத்தது நம்முடைய இப்ஸ்விச்தான். எதிரிக்குப் பாய் விரித்துக் கொடுத்துவிட்டுத் தான் வெயிலில் நின்றது.

அதே கிண்ணத்தின் அரையிறுதியில் மன்செஸ்டர் சிற்றியிடம் தோற்றார்கள். கெவின் பீட்டியின் கை அந்த ஆட்டத்தில் முறிந்தது. அதற்குப் பிறகு அவர் இப்ஸ்விச்சுக்கு ஆடவில்லை. தான் பார்த்தவர்களில் மிகச் சிறந்தவர்களில் ஒருவன் என்று ரொப்சன் போற்றிய பிள்ளை. மே 2 ஆம் திகதி வில்லா ஆர்சனலிடம் 2-0 என்று தோற்றது. தோற்ற அன்றைக்கே சம்பியனும் ஆனது, ஏனென்றால் இப்ஸ்விச் அதே பின்னேரம் மிடில்ஸ்பரோவில் 2-1 என்று சரிந்தது. கால் ஓய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஓய்ந்த கால்களோடுதான் யூஈஎஃப்ஏ கிண்ணத்தின் இறுதிப் போட்டிக்குப் போனார்கள். அதற்கு முன் காலிறுதியில் மிஷேல் பிளட்டினி ஆடிய சென் எத்தியேனை அவர்களின் மண்ணிலேயே 4-1. அரையிறுதியில் கொலோனை இரண்டு ஆட்டத்திலும் 1-0. இறுதிப் போட்டியில் ஒல்லாந்தின் ஏசட் அல்க்மாரை வீட்டில் 3-0, அம்ஸ்டர்டாமில் 2-4, மொத்தம் 5-4. ஜோன் வார்க் மத்தியகள வீரர். முன்களத்தவர் அல்ல. அந்தப் போட்டித் தொடரில் மட்டும் 14 கோல், பருவம் முழுவதும் 36. அந்த ஆண்டு வீரர்கள் சங்கத்தின் விருது வார்க்குக்கு, பத்திரிகையாளர்களின் விருது தைசனுக்கு. நாட்டின் இரண்டு பெரிய விருதுகளும் ஒரே சிறு நகரத்துக்கு.

காக்காவின் 1962 சம்பியன்கள் ஐரோப்பாவுக்குப் போகாமல் இல்லை. மோல்ட்டாவின் புளோரியானாவைப் பதினாலுக்கு ஒன்று என்று அடித்தார்கள். அடுத்த சுற்றிலேயே ஏசி மிலான் வந்தது, கதை முடிந்தது.

ஏறாவூர்க் காக்கா:

அந்த மிலான் அதே ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தையே வென்றது என்பதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். போர்ட்மன் ரோட்டில் இப்ஸ்விச் அவர்களை 2-1 என்று அடித்ததையும் மறந்துவிட்டீர்கள். மறதிக்கு வல்லாரை நல்லது, மாஸ்டர்.

இன்னொன்று. 66 ஆட்டம், களைப்பு, முறிந்த கை என்று நீங்கள் சொல்வதெல்லாம் உண்மை. படித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் நீங்கள் அணியின் அழகைச் சொல்கிறீர்கள், நான் அணியின் சாதனையைச் சொல்கிறேன். ராம்சியின் காலத்தில் மாற்று வீரனே கிடையாது. லீக்கில் அந்த வழக்கம் வந்தது 1965 இல்தான். பதினொருவர் இறங்கினால் பதினொருவர்தான், காலொடிந்தாலும் விளிம்பில் போய் நிற்க வேண்டும். காரணம் தேடினால் எல்லாக் காலத்துக்கும் காரணம் கிடைக்கும்.

வந்தாறுமூலை மாணவன்:

காரணம் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டதால் இனி என் முறை என்று எடுத்துக்கொள்கிறேன்.

2021 டிசெம்பரில் மக்கென்னா வந்தபோது இப்ஸ்விச் மீண்டும் மூன்றாம் தரத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது, ராம்சி வந்தபோது கிடந்த அதே தரம். ராம்சிக்கு அங்கிருந்து முதற்பிரிவுக்கு வர ஆறு பருவங்கள் பிடித்தன. மக்கென்னாவுக்கு இரண்டரை. 2022-23 இல் 98 புள்ளி, 101 கோல். 2023-24 இல் 96 புள்ளி. அடுத்தடுத்து இரண்டு ஏற்றம். அதற்கடுத்த பருவம் பிரீமியர் லீக்கில் 22 புள்ளியோடு இறங்கினார்கள் என்று காக்கா சிரிப்பார். சிரிக்குமுன் இதையும் பாருங்கள்: 2023-24 இல் புதிதாக ஏறி வந்த மூன்று கழகங்களும் அதே பருவத்தில் இறங்கின. 2024-25 இலும் ஏறிய மூன்றும் இறங்கின. கதவே மூடிவிட்டது. இரண்டாம் பிரிவிலிருந்து வந்த கையோடு பட்டம் எடுக்கிற வீட்டை இடித்துவிட்டார்கள். 1962 ஐ அளவுகோலாக வைத்து மக்கென்னாவை அளப்பது, வாவியில் தோணி விட்டவரோடு கடலில் ஆழ்கடல் மீன்பிடிக்குப் போனவனை ஒப்பிடுவது போன்றது.

ஏறாவூர்க் காக்கா:

தம்பி நன்றாகப் பேசுகிறீர். 2016 இல் லெஸ்டர் சிற்றி எந்தக் கதவால் வந்தது?

வந்தாறுமூலை மாணவன்:

லெஸ்டருக்குப் பின்னால் தாய்லாந்துச் செல்வம் இருந்தது, காக்கா. அதோடு அவர்கள் ஏறி வந்தது 2014 இல். முதல் பருவத்தில் மயிரிழையில் தப்பி, இரண்டாவது பருவத்தில்தான் வென்றார்கள்.

ஏறாவூர்க் காக்கா:

ஆகவே ராம்சி லெஸ்டரையும்விடப் பெரியவர். என் வாதத்துக்கு வலுச் சேர்த்ததற்கு நன்றி. வாழ்க.

அக்கரைப்பற்றுக் கணக்கன்:

மாணவனைச் சிக்க வைத்துச் சிரிப்பது நியாயமில்லை. என் வாக்கை இப்போது சொல்கிறேன்: தொண்ணூறுகளில் முகாமையாளராக வந்த ஜோர்ஜ் பேர்லி.

1997, 1998, 1999 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, ஏற்றத்துக்கான துணைச்சுற்றில் வாசல்வரை வந்து திரும்பினார். 2000 இல் வெம்ப்ளியில் பான்ஸ்லியை 4-2 என்று வென்று ஏறினார். அடுத்த பருவம் பிரீமியர் லீக்கில் ஐந்தாம் இடம், மார்க்கஸ் ஸ்டுவர்ட் 19 கோல், ஆண்டின் சிறந்த முகாமையாளர் விருது பேர்லிக்கு. ரொப்சன் வளர்த்த பிள்ளை அவர், 1978 கிண்ண இறுதிப் போட்டியில் பின்களத்தில் ஆடியவர்.

முழுக் கதையையும் சொல்ல வேண்டும் என்பதால் மிச்சத்தையும் சொல்கிறேன். 2002 இல் இறங்கினார்கள், பேர்லி அதே ஆண்டு ஒக்டோபரில் நீக்கப்பட்டார், 2003 இல் கழகம் கடனில் மூழ்கி நிர்வாகியின் கைக்குப் போனது. ஒரு நல்ல ஆண்டைப் பார்த்துவிட்டு அதே மழை ஒவ்வோர் ஆண்டும் பெய்யும் என்று வயலை ஈடு வைத்த கதை. நான் வங்கியில் வேலை பார்த்தவன். இந்தக் கதையை எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன்.

படுவான்கரை உழவன்:

ஐந்தாம் இடத்துக்குச் சிலை வைத்தால் வெண்கலம் போதாது, கணக்கரே.

ஒர்வெல் ஆற்றங்கரை:

பேர்லியை அப்படித் தள்ளாதீர்கள் அண்ணன். 1995 இல் மன்செஸ்டர் யுனைட்டடிடம் 9-0 வாங்கிய கழகம் அது, அதுவும் அவர் வந்து சில மாதங்களில். அங்கிருந்து ஐந்தாம் இடம்.

எனக்கு மாணவனின் பக்கமும் புரிகிறது. 2024 மே 4 ஆம் திகதி ஹடர்ஸ்பீல்டை 2-0 என்று வென்று ஏறிய நாளில் நான் இரவு வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு மைதானத்துக்குப் போயிருந்தேன். இறுதி ஊதலோடு எல்லோரும் புல்லுக்குள் இறங்கிவிட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த முதியவர் மட்டும் இறங்கவில்லை, அழுதுகொண்டிருந்தார். 1981 இல் இருந்தாராம். மக்கென்னா ரொப்சனைப் போலவா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘இன்றைக்கு மட்டும் கேட்காதே’ என்றார்.

கல்லடி மாஸ்டர்:

நான் ஏன் ரொப்சன் பக்கம் என்று சொல்வதாக வாக்களித்திருந்தேன்.

1978 மே மாதம் எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டி, எதிரணி ஆர்சனல். இப்ஸ்விச்சின் பந்து மூன்று முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 77 ஆவது நிமிடம் ரொஜர் ஒஸ்போர்ன் அடித்தார். சபொக் மண்ணில் பிறந்த பையன். கோல் அடித்த பிறகு சகவீரர்கள் மேலே விழுந்து அமுக்கியதிலும் வெயிலிலும் மகிழ்ச்சியிலும் மயக்கம் வந்து, அதற்குமேல் ஆட முடியாமல் வெளியே போய்விட்டார். 1-0. அந்த உதைதான் அவருடைய அன்றைய கடைசி உதை. எங்களிடம் தொலைக்காட்சி ஏது? பத்திரிகையில் வந்த துண்டை வெட்டி, சிவப்பு மட்டைக் கொப்பி ஒன்றில் ஒட்டி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டித்தான் உதைபந்தாட்டம் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதிப் புயலில் கூரை போனது, கொப்பியும் போனது. வாதம் என்று வந்தால் இது ஒரு காரணமே இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஏறாவூர்க் காக்கா:

மாஸ்டர், இதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. வாப்பாவின் வானொலியும் அந்தப் புயலில்தான் போனது.

ஆனால் ராம்சிதான் பெரியவர்.

வாகரைப் பயணி:

தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை எழுதவில்லை. ஒரு சிறு திருத்தம். மில்பர்ன் இறக்கிவிட்ட கழகம் முதற்பிரிவுக்கு எப்படித் திரும்பியது என்று ஒருவரும் கேட்கவில்லை. ரொப்சன் வந்தபோது அணி ஏற்கெனவே முதற்பிரிவில் இருந்தது. 1968 இல் இரண்டாம் பிரிவை வென்று மேலே கொண்டுவந்தவர் பில் மக்கரி. அதே ஆண்டு முடியுமுன் வேறு கழகத்துக்குப் போய்விட்டார்.

அந்த அணியின் பெயர்களைப் பாருங்கள். முன்களத்தில், வெளியே போய்த் திரும்பி வந்திருந்த ரே கிரோபோர்ட், காக்காவின் கிரோபோர்ட். பின்களத்தில் ஓர் இளம் பையன், மிக் மில்ஸ். பத்தாண்டு கழித்து மாஸ்டரின் கிண்ணத்தையும், அதன் பிறகு யூஈஎஃப்ஏ கிண்ணத்தையும் தலைவனாகத் தூக்கியவர். இருவரையும் ஒரே அணியில் ஆட வைத்த மனிதரை இத்தனை நேரம் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஏறாவூர்க் காக்கா:

கிரோபோர்ட் திரும்பி வந்தாரா? வாப்பா இதைச் சொல்லவே இல்லையே.

கல்லடி மாஸ்டர்:

மக்கரியை நானும் மறந்துவிட்டேன். பிள்ளை, அந்தப் பக்கம் அவருக்கு ஏதாவது சிலை இருக்கிறதா?

ஒர்வெல் ஆற்றங்கரை:

மூன்றாவதாக ஒரு சிலை இருக்கிறது சேர், ஆனால் அது பீட்டிக்கு. மக்கரிக்கு நான் எதையும் பார்த்ததில்லை. சனிக்கிழமை அந்தப் பக்கம் போகும்போது இன்னொரு முறை சுற்றிப் பார்க்கிறேன்.